குளத்து நீர் குறைந்த போகத்திற் கூட்டுச் செய்கை

இலங்கையின் வரண்ட வலயத்திலே நெற்செய்கை குளத்தை நம்பியது. குளம் நிறைந்த ஆண்டிலே கமக்காரர் தத்தம் வயலைத் தத்தம் விருப்பப்படி செய்தாலும் பெருந்தீங்கு விளைவதில்லை. நீர் குறைந்த ஆண்டிலோ நிலைமை வேறு. அரைக்குளம் நீரை நம்பி முழு வயலையும் விதைத்து, கதிர் வெளிவரும் வேளையிலே வாய்க்கால் வற்றக் கண்டு மனமுடைந்த கமக்காரர் பலர். அவ்வேளையில் முதலிற் காய்வது கடைவாய்க்காற் கமக்காரரின் பயிர். அதன்பின் நடுவயல் காயும். ஈற்றிலே துருசுக்கு அடுத்த வயலும் தப்புவதில்லை. விதைநெல், உரம், உழவுகூலி யாவும் மண்ணோடு போக, கடன் மட்டும் எஞ்சும்.

இந்நட்டத்தைத் தவிர்க்கும் வழி ஒன்று உண்டு. விதைக்கு முன்னரே குளத்து நீரை அளந்து, அந்நீர் தாங்கக்கூடிய பரப்பு எவ்வளவெனக் கணித்து, அப்பரப்பைக் குளத்தின் கீழுள்ள கமக்காரர் அனைவரும் பங்கிட்டுச் செய்தலே அவ்வழி. அதனை எவ்வாறு செய்வது என்பதை இப்பிரசுரம் விளக்குகின்றது.

மழையின் போக்கு

எமது காலபோகச் செய்கை ஐப்பசி, கார்த்திகை மாத மழையையும், அதனைத் தொடரும் வடகீழ்ப் பருவக்காற்று மழையையும் ஆதாரமாகக் கொண்டது. சிறுபோகம் சித்திரை மழையோடு தொடங்கி, பின்னர் முற்றாகக் குளத்து நீரிலேயே தங்கியிருக்கும். மழை பிந்துவதும் பிழைப்பதும் முன்னரும் நிகழ்ந்தவையே. ஆயினும் புவியின் வெப்பம் கூடிவரும் இக்காலத்திலே, மழையில்லா நாட்கள் நீள்வதும், பெய்யும் மழை சில நாட்களிலேயே கொட்டித் தீர்வதும், கமக்காரரின் கணிப்புக்களை மேன்மேலும் பொய்ப்பிக்கின்றன.

அண்மைக்கால அனுபவம் இதற்குச் சான்று. 2016/17 காலபோகத்தில் மழை பிழைத்தமையால், 2016ஆம் ஆண்டில் ஏறக்குறைய 44 இலட்சம் மெற்றிக் தொன்னாயிருந்த நாட்டின் நெல் விளைவு, 2017ஆம் ஆண்டில் ஏறக்குறைய 24 இலட்சம் மெற்றிக் தொன்னாக வீழ்ந்தது. அடுத்த ஆண்டே, 2018 திசெம்பரில், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிற் பெய்த பெருமழை வயல்களை வெள்ளத்தில் ஆழ்த்தியது. இரண்டு ஆண்டுகளுக்குள் வரட்சியும் வெள்ளமும் வந்துபோயின.

மேலும், வெப்பம் கூடினால் குளத்து நீர் ஆவியாவதும் கூடும். வெயிற் காலத்தில் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் அளவு நீர் குளத்தின் மேற்பரப்பிலிருந்து ஆவியாகின்றது எனக் கொள்வோமாயின், நூறு நாட்களில் ஏறக்குறைய 20 அங்குல நீர் எவர் வயலுக்கும் பயன்படாது மறைந்துவிடும். ஆழம் குறைந்த எமது சிறுகுளங்களுக்கு இது சிறிய இழப்பன்று.

மழையை எவரும் கட்டுப்படுத்த இயலாது. கட்டிற் சேர்ந்த நீரை எவ்வாறு செலவிடுவது என்பது கமக்காரரின் கையிலுள்ளது.

முன்னோர் கண்ட முறை

குளத்து நீர் குறைந்த காலத்திலே வயலைப் பங்கிடும் வழக்கம் இந்நாட்டிற்குப் புதியதன்று. அனுராதபுரப் பகுதிக் கிராமங்களில் அது ‘பெத்ம’ எனப்படும். பங்கிடல் என்பதே அச்சொல்லின் பொருள். சிறுபோகத்தில் முழு வயலுக்கும் நீர் போதாதெனக் கண்டால், கட்டுக்கு அண்மையிலுள்ள வயற்பகுதியை மட்டும் அவ்வாண்டு செய்வதெனக் கிராமத்தார் தீர்மானிப்பர். அப்பகுதி எவருடைய காணியாயினும், குளத்தின் கீழ்ப் பங்குள்ள எல்லாக் குடிகளுக்கும் அவரவர் பங்கின் அளவுக்கேற்பப் பிரித்துக் கொடுக்கப்படும். போகம் முடிந்ததும் காணி உரியவரிடமே மீளும். உரிமை மாறுவதில்லை, ஒரு போகத்துச் செய்கை மட்டும் பங்கிடப்படுகின்றது.

இதன் நியாயத்தை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். குளக்கட்டைத் திருத்துவதும், வாய்க்கால் வெட்டுவதும், வேலியடைப்பதும் பங்கின்படி எல்லாக் குடிகளுக்கும் உரிய கடமைகள். கட்டைக் காப்பதிற் பங்குண்டாயின் நீரிலும் பங்குண்டு. துருசுக்கு அண்மையில் வயல் அமைந்தமை ஒருவரின் உழைப்பாற் கிடைத்த உரிமையன்று. அன்றியும், செய்யும் பரப்பு துருசுக்கு அண்மையில் ஒன்றாயிருந்தால், நீண்ட வாய்க்கால்களில் நீர் ஊறி வீணாவதில்லை. ஆதலின் இம்முறை நீதிக்கும் சிக்கனத்துக்கும் ஒருங்கே பொருந்துவது.

இவ்வழக்கங்கள் ஊரின் உழைப்பாலும் கட்டுப்பாட்டாலும் நிலைத்தவை. 1832ஆம் ஆண்டில் இராசகாரியம் ஒழிக்கப்பட்டபின், குளங்களைத் திருத்தும் கூட்டுவேலை பல இடங்களிற் கைவிடப்பட்டது. பழைய நீர்ப்பாசன வழக்கங்களை மீட்பதற்கென 1856ஆம் ஆண்டிலே தனிக் கட்டளைச் சட்டம் ஒன்று இயற்ற வேண்டியதாயிற்று. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்தியது. இன்று 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்ற கமக்காரர் அமைப்புக்கள் இப்பொறுப்பை ஏற்றுள்ளன. சட்டங்கள் மாறினும் தேவை மாறவில்லை. பெரிய நீர்ப்பாசனத் திட்டங்களும் இம்முறையைக் கைக்கொண்டுள்ளன. மகாவலி ‘எச்’ பிரிவில் நீர் குறைந்த சிறுபோகங்களிற் பெத்ம முறையிற் செய்கை நடைபெற்றுள்ளது.

நீரை அளத்தல்

பங்கிடுமுன் அளத்தல் வேண்டும். “இம்முறை நீர் போதும்” என்று ஒருவரும், “போதாது” என்று மற்றொருவரும் கண்ணாற் பார்த்துக் கூறுவதால் வாக்குவாதமே வளரும். சிறுகுளத்து நீரைக் கணிப்பதற்கு எளிய முறை ஒன்று உண்டு. நீர் பரந்திருக்கும் பரப்பை ஏக்கரிலும், ஆழமான இடத்தின் ஆழத்தை அடியிலும் எடுத்து, இரண்டையும் பெருக்கி, வந்ததைப் பத்தில் நான்கு பங்காக்கினால், நீரின் அளவு ஏறக்குறைய ஏக்கர் அடியிற் கிடைக்கும். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி ஆழத்துக்கு நிற்கும் நீரே ஓர் ஏக்கர் அடி.

உதாரணமாக, 120 ஏக்கர் வயலுள்ள குளமொன்றை எடுத்துக்கொள்வோம். சிறுபோகத் தொடக்கத்தில் அதன் நீர் 100 ஏக்கரிற் பரந்து, 8 அடி ஆழமாக இருக்கின்றது. 100ஐ 8ஆற் பெருக்க 800. அதிற் பத்தில் நான்கு பங்கு 320 ஏக்கர் அடி. இவ்வளவும் வயலுக்கு வாராது. துருசுக்குக் கீழே தங்குவதற்கும், மாடுகள் குடிப்பதற்கும், ஊரார் குளிப்பதற்கும் 30 ஏக்கர் அடியை ஒதுக்குவோம். ஆவியாவதற்கும் ஊறிப் போவதற்கும் 90 ஏக்கர் அடியை விடுவோம். எஞ்சுவது 200 ஏக்கர் அடி.

சிறுபோகத்தில் ஓர் ஏக்கர் நெல்லுக்கு, நிலம் பண்படுத்துவதிலிருந்து அறுவடைவரை, துருசடியில் 5 ஏக்கர் அடி நீர் தேவையெனக் கொண்டால், 200 ஏக்கர் அடி நீரால் 40 ஏக்கரைச் செய்யலாம். அஃது 120 ஏக்கரில் மூன்றிலொரு பங்கு. மூன்று ஏக்கருடையவருக்கு ஓர் ஏக்கர் கிடைக்கும்.

இக்கணக்கைப் பொருட்படுத்தாது 120 ஏக்கரையும் விதைத்தால் நேர்வது யாது? ஏக்கரொன்றுக்கு 20 அங்குல நீரே கிடைக்கும். அதிற் பாதியளவு உழவுக்கும் சேறாக்குவதற்கும் செலவாகிவிடும். மிகுதி, விதைத்து ஒரு மாதம் செல்லுமுன் தீர்ந்துபோம். நாற்பது ஏக்கரில் முழு விளைவு பெறவேண்டிய ஊர் நூற்றிருபது ஏக்கரிலும் வைக்கோலுக்கும் வழியின்றி நிற்கும்.

மேற்கூறிய எண்கள் உதாரணத்துக்கே. மண்ணின் தன்மைக்கும் வாய்க்காலின் நிலைக்கும் ஏற்ப நீர்த்தேவை வேறுபடும். உங்கள் குளத்துக்குரிய கணக்கைக் கமநல சேவை நிலைய உத்தியோகத்தருடனும் விவசாயப் போதனாசிரியருடனும் கலந்து தயாரித்துக்கொள்ளுங்கள். துருசடியில் அடியும் அங்குலமும் குறித்த அளவுகோல் ஒன்றை நாட்டி, கிழமைதோறும் நீர்மட்டத்தைக் குறிப்பேட்டிற் பதிவு செய்து வருவது நன்று. நான்கைந்து ஆண்டுக் குறிப்பு உங்கள் குளத்தைப் பற்றி உங்களுக்கே பல உண்மைகளைக் கற்பிக்கும்.

பயிரைத் தெரிதல்

நெல் ஒன்றையே செய்யவேண்டுமென்ற நியதி இல்லை. பயறு, கௌபி, உழுந்து, எள்ளு, நிலக்கடலை ஆகிய மறுவயற் பயிர்களுக்கு நெல்லின் தேவையிற் பாதியளவு நீர் போதுமெனக் கொள்ளலாம். மேலே கூறிய 200 ஏக்கர் அடியில் 100 ஏக்கர் அடியை 20 ஏக்கர் நெல்லுக்கு ஒதுக்கி, மிகுதி 100 ஏக்கர் அடியால் 40 ஏக்கரில் மறுவயற் பயிர்களைச் செய்தால், 60 ஏக்கர் பயன்படும். மூன்று ஏக்கருடையவருக்கு அரை ஏக்கர் நெல்லும் ஓர் ஏக்கர் பயறும் கிடைக்கும். வீட்டுச் சோற்றுக்கு நெல்லும், கைச்செலவுக்குப் பயறும் ஆகும்.

எப்பயிரை எங்கு இடுவது என்பதை மண் தீர்மானிக்கும். நீர் விரைவில் வடியும் செங்கபில மண் மேட்டு வயல்கள் மறுவயற் பயிர்களுக்கு உகந்தன. நீர் தேங்கும் தாழ்ந்த வயல்களில் அவை அழுகிப்போம். அங்கு நெல்லே இடவேண்டும். ஒரே வாய்க்காலின் கீழ் நெல்லையும் பயற்றையும் கலந்து இட்டால், ஒன்றுக்கு விடும் நீர் மற்றொன்றைக் கெடுக்கும். ஆதலின் பயிர்களைத் தொகுதி தொகுதியாக இடுதல் அவசியம்.

நெல் இடுவோர் குறுங்கால இனங்களைத் தெரிதல் வேண்டும். மூன்று மாத இனமான பி.ஜி. 300, இரண்டரை மாத அளவில் விளையும் பி.ஜி. 250 ஆகியன நீர் குறைந்த போகத்துக்கு ஏற்றவை. வயதாற் குறைந்த இனம் குறைந்த நாட்களுக்கே நீர் கேட்கும். தொகுதி முழுவதும் ஒரே வயதுடைய இனத்தை ஒரே கிழமையில் விதைத்தால், துருசையும் ஒரே நாளில் அடைத்துவிடலாம். ஒருவர் மட்டும் நான்கு மாத நெல்லை இட்டால், அவருடைய ஓர் ஏக்கருக்காக ஊர் முழுவதும் நீரை இழக்கும்.

வயலைப் பங்கிடும் ஒழுங்கு

பங்கீடு பல இடங்களிற் குழம்புவது கணக்குப் பிழையாலன்று, நம்பிக்கைக் குறைவால். “என் காணியை மற்றவர் ஒருமுறை செய்தால் மீண்டும் தருவாரா?” என்ற ஐயம் மேல்வயற்காரருக்கு உண்டு. “எனக்குத் தரும் துண்டு களரா, மேடா?” என்ற ஐயம் கீழ்வயற்காரருக்கு உண்டு. இரண்டும் நியாயமானவை. அவற்றைத் தீர்ப்பதற்குப் பின்வரும் ஒழுங்கு உதவும்.

1. துருசு திறக்குமுன், போக ஆரம்பக் கூட்டத்தைக் கூட்டுக. காணியின் சொந்தக்காரர் மட்டுமன்றி, குத்தகைக்கும் வாரத்துக்கும் செய்வோரும், குடும்பப் பொறுப்பை ஏற்று வயல் செய்யும் பெண்களும் அழைக்கப்படல் வேண்டும். வராதவரின் பங்கு மறக்கப்படலாகாது.

2. நீர்க்கணக்கைக் கூட்டத்தில் யாவரும் கேட்க வாசித்து, செய்யும் பரப்பு, பயிர், இனம், விதைக்கும் கிழமை, துருசு அடைக்கும் நாள் ஆகியவற்றை முடிவு செய்க.

3. ஒவ்வொருவருக்கும் உரிய அளவை அவரவர் வயற்பரப்பின் விகிதப்படி கணித்து, யாருக்கு எத்துண்டு என்பதைச் சீட்டெடுத்துத் தீர்மானிக்க. சீட்டில் எவருக்கும் முகம் பார்க்க இயலாது.

4. நிலையான வரம்புகளை வெட்டாதிருக்க. புதிய பிரிவுகளை முளையடித்து, கயிறு பிடித்துக் குறிக்க. காணி போக முடிவில் உரியவரிடம் மீளும் என்பதையும், இப்பங்கீட்டால் உரிமை எதுவும் தோன்றாது என்பதையும் எழுதி, யாவரும் ஒப்பமிடுக.

5. வைக்கோல் காணிக்காரருக்கு என முன்னரே பேசிக்கொள்க. தம் வயலிற் பசளையிட்டு மண்ணைப் பேணியவருக்கு அது சிறு ஈடாகும்.

6. நீரை முறைவைத்து விடுக. எத்தொகுதிக்கு எந்நாள் எத்தனை மணி நேரம் என்பதைப் பலகையில் எழுதித் துருசடியில் மாட்டுக. துருசின் திறப்பு ஒருவரிடமே இருத்தல் வேண்டும்.

7. இரவில் வாய்க்காலை மறித்தோருக்கும், ஒப்பிய பரப்புக்கு மேல் விதைத்தோருக்கும் உரிய தண்டத்தைக் கூட்டத்திலேயே விதித்து வைக்குக. தவறு நிகழ்ந்தபின் தண்டம் விதிக்க முயன்றால் அது பகையாக முடியும்.

அமைப்பின் தலைவருக்கும் அவருடைய உறவினருக்கும் இவ்வொழுங்குகள் முதலிற் பொருந்துதல் வேண்டும். தலைவரின் வயலுக்கு ஒருநாள் கூடுதலாக நீர் சென்றதைக் கண்ட ஊர், மறுபோகத்திற் கூட்டத்துக்கு வாராது.

காலபோகத்திலேயே தொடங்குக

சிறுபோகத்தின் நீர் காலபோகத்திலேயே தீர்மானிக்கப்படுகின்றது. குளம் நிறையும்வரை காத்திருந்து, மார்கழியிற் குளத்து நீரைத் திறந்து உழுது, நீண்டகால நெல்லை விதைப்பது பலரின் வழக்கம். இதனாற் பெய்யும் மழை வயலுக்குப் பயன்படாது ஓட, குளத்து நீர் உழவுக்கே செலவாகின்றது.

அனுராதபுர மாவட்டத்து வலகம்பாகுக் கிராமத்தில், மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தார் கமக்காரருடன் கூடி 1970களின் பிற்பகுதியில் வேறொரு முறையைச் செய்து பார்த்தனர். முதல் மழையோடு நிலத்தைப் பண்படுத்தி, புழுதியில் மூன்று மாத நெல்லை விதைத்து, மழையாலேயே பயிரை வளர்த்தனர். குளத்து நீர் பயிருக்கு முட்டு வந்தபோது உதவுவதற்காக வைக்கப்பட்டது. அறுவடை முந்தியது, குளத்தில் எஞ்சிய நீர் அடுத்த போகத்துக்கு உதவியது.

இதுவும் தனியொருவராற் செய்யத்தக்கதன்று. ஒருவர் மட்டும் முந்தி விதைத்தால், ஊர் மாடுகள் அவர் வயலில் இறங்கும். குருவியும் பூச்சியும் அவர் கதிரையே நாடும். மாடு கட்டும் நாளையும், வேலியடைக்கும் நாளையும், விதைக்கும் நாளையும் ஊரே முடிவு செய்தல் வேண்டும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் பருவகால எதிர்வுகூறலையும் அக்கூட்டத்திற் கருத்திற் கொள்க.

குளத்துக்கு மேலும் கீழும்

எமது சிறுகுளங்கள் தனித்தனியே அமைந்தவையல்ல. மேற்குளத்தின் வானும் வயலின் வடிநீரும் கீழ்க்குளத்தை நிரப்ப, குளங்கள் ஒரே ஓடையில் மாலைபோல் தொடர்ந்து கிடக்கின்றன. இக்குளத்தொடர் முறையை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் உலக முக்கியத்துவமுடைய விவசாய மரபுரிமையாக 2017ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. இப்பெருமை ஒரு கடமையையும் உடன்கொண்டது. மேற்குளத்தார் கூடுதல் நீரைத் தேக்கக் கருதி வானில் மண்மூடைகளை அடுக்கினால், வரட்சியிற் கீழ்க்குளம் நிறையாது. பெருமழையில் மேற்கட்டு உடைந்து, அவ்வெள்ளம் கீழ்க்கட்டையும் உடைக்கும். ஆதலின் ஒரே ஓடையிலுள்ள குளங்களின் அமைப்புக்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒன்றுகூடுதல் நன்று.

அலைகரையில் விதைப்பதை நிறுத்துக. அங்கு உழும் மண் குளத்திலேயே படிந்து அதன் கொள்ளளவைக் குறைக்கும். குளத்தின் மேற்புறத்து மரங்களும் புற்றரையும் வண்டலைத் தடுத்து, காற்றையும் தணித்து, ஆவியாதலைக் குறைப்பன. அவற்றை வெட்டாது காக்குக. வாய்க்காலின் புல்லையும் சேற்றையும் போகத்துக்கு முன் சிரமதானத்தால் அகற்றினால், கடைவாய்க்காலுக்கு நீர் விரைந்து சேரும்.

தோட்டக்காரருக்கு

குளத்துக்குக் கீழே கிணறு வெட்டி மிளகாய், வெங்காயம், கத்தரி செய்வோர் தமக்கும் குளத்துக்கும் தொடர்பில்லையென எண்ணலாகாது. குளத்தில் நிற்கும் நீரே ஊறிக் கிணற்றுக்கு வருகின்றது. குளம் முற்றாக வற்றினாற் கிணறும் தாழும். ஆகவே குளத்தில் ஒதுக்கிவைக்கும் நீர் அவர்களுக்கும் உரியது. கூட்டத்தில் அவர்களுக்கும் இடமுண்டு. அதுபோன்றே, நீர் குறைந்த காலத்தில் நீரிறைக்கும் இயந்திரத்தைக் குளத்தில் நேரே பூட்டி இறைப்பதை அவர்கள் தவிர்த்தல் வேண்டும். பாத்திகளுக்கு வைக்கோலாலும் சருகாலும் மூடாக்கிட்டு, காலையிலும் மாலையிலும் மட்டும் நீர் இறைத்தாற் கிணற்று நீர் மேலும் பல நாட்களுக்குப் போதும்.

முடிவுரை

கமக்காரரே, பங்கிட்டுச் செய்யும் போகத்தில் எவருக்கும் முழு வயலின் விளைவு கிடையாது. மேல்வயற்காரர் தமது காணியில் ஒரு பகுதியை ஒரு போகத்துக்கு விட்டுக்கொடுக்க வேண்டியவராகின்றார். அது சிறிய தியாகமன்று. ஆயினும் இன்று மேலேயிருப்பவருக்கும் ஒருநாள் கட்டுடையும். அன்று மண்வெட்டியோடு வரவேண்டியவர்கள் கடைவாய்க்காற் கமக்காரரே. அவர்கள் பயிர் காய விட்டுவிட்டு அவர்கள் உழைப்பை மட்டும் எதிர்பார்த்தல் இயலாது.

அடுத்த சிறுபோகத்துக்கு முன்னர் உங்கள் குளத்தின் நீரை அளந்து, கூட்டத்தைக் கூட்டி, முடிவை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நீர்க்கணக்குத் தயாரிப்பதிலும், மண்ணுக்கேற்ற பயிரையும் இனத்தையும் தெரிவதிலும் உதவி வேண்டுவோர் அண்மையிலுள்ள விவசாயப் போதனாசிரியரையோ கமநல சேவை நிலையத்தையோ அணுகுக.